கேரவன் இழுக்க பிக்கப் வாங்கும் முன்: சிங்கப்பூரில் உட்கார்ந்தே போட வேண்டிய எடைக் கணக்கு

என் மனைவியின் தம்பி பெர்த்தில் குடியேறிய இரண்டாவது வருடம் பிக்கப் ஒன்று வாங்கினான். முன்னால் புல்பார் என்ற இரும்புத் தடுப்பு, பின்தொட்டிக்கு மூடி, உள்ளே இழுப்பறைகள், கூரையில் மடக்குக் கூடாரம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. நாலு மாதம் கழித்து, அதன் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடான கேரவனும் வாங்கினான். பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த நான், எடை போட்டுப் பார்த்தாயா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். எடைமேடையில் ஏற்றியபோது பிக்கப் மட்டும் 3,240 கிலோ காட்டியது. அதற்கு அனுமதி 3,100. இத்தனைக்கும் கேரவனின் சக்கரங்கள் மேடையிலேயே ஏறவில்லை. கொக்கியில் அது அழுத்திய அழுத்தம் மட்டும்தான் இதில் சேர்ந்திருந்தது. அவன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணே, இப்ப கிரைண்டரை இறக்கணுமா, உங்களை இறக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்வி.

வண்டியை விற்றவர் மூன்றரை டன் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். அது பொய்யில்லை. அந்த எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்ற எண்களைத்தான் அவர் சொல்லவில்லை.

நான் துவாஸில் ஒரு லாரி யார்டில் வேலை பார்ப்பவன். கொள்கலன் ஏற்றிய டிரெய்லர்களையும் அவற்றை இழுக்கும் பிரைம் மூவர்களையும் தினமும் பார்க்கிறேன். அதனால் மச்சான் சிக்கலில் மாட்டியதும் கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்கப்புறம் பெர்த்துக்குக் குடிபோகும் நண்பர்கள், ஓய்வுபெற்றதும் ஆறு மாதம் ஆஸ்திரேலியாவைச் சுற்றப்போகும் அண்ணன்மார்கள் என்று பலரும் இதையே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் பிக்கப் என்பது சரக்கு வாகனம். வாகன உரிமைச் சான்றிதழில் சி பிரிவு. குத்தகைக்காரரும் குழாய் வேலைக்காரரும் ஓட்டுவது. கேரவன் இழுத்துப் பழகியவர் நம் சொந்தபந்தத்தில் யாரும் இல்லை. ஆகவே விசாரிக்கவும் ஆள் இல்லை.

ஆனால் நமக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. பெர்த்துக்கு ஐந்து மணி நேர விமானப் பயணம்தான். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். சாதாரண கார் உரிமத்திலேயே 4.5 டன் வரை மொத்த எடையுள்ள வண்டியை ஓட்டலாம்.

முதல் படி: கேரவனை முதலில் முடிவு செய்யுங்கள்

மச்சான் தலைகீழாகச் செய்தது இதைத்தான். பிக்கப்பை வாங்கிவிட்டு அதற்குக் கேரவன் தேடினால், பிடித்த கேரவன் எப்போதும் இருநூறு முந்நூறு கிலோ அதிகமாகவே இருக்கும். எத்தனை பேர் படுக்க வேண்டும், உள்ளே கழிப்பறையும் குளியலும் வேண்டுமா, தார்ச்சாலையோடு நிற்பீர்களா அல்லது செம்மண் பாதையிலும் போவீர்களா என்று குடும்பத்தோடு பேசி முடித்துவிட்டு, அந்த வகைக் கேரவனின் தகட்டில் உள்ள ஏடிஎம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காசெடுக்கும் ஏடிஎம் இல்லை. கேரவனைக் கழற்றித் தனியாக நிறுத்தினால், உள்ளே சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் இருக்கலாம் என்று அனுமதித்த எடை அது.

பக்கத்திலேயே டேர் என்று இன்னோர் எண் இருக்கும். அது காலிக் கேரவன், தண்ணீர்கூட இல்லாமல். விளம்பரங்களில் இதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். டேர் எண்ணை நம்பி பிக்கப் தேடாதீர்கள். தலா 90 லிட்டரில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினாலே 180 கிலோ ஏறிவிடுகிறது. அப்புறம் நம் வீட்டுச் சமையலறை. மேசைக் கிரைண்டர் மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல். அரிசி மூட்டை, இரண்டு குக்கர், இட்லிப் பானை. மற்றவர்கள் ஒரு சட்டியோடு கிளம்பும் பயணத்துக்கு நாம் கல்யாணச் சமையல் சாமானோடு கிளம்புகிறோம்.

இரண்டாவது படி: பிக்கப்பின் நாலு எண்கள்

வண்டியின் கையேட்டிலும் தயாரிப்பாளரின் விவரத் தாளிலும் இவை இருக்கும். கடைக்காரரிடம் வாய்வழியாகக் கேட்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே வகைக்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலேயே வகைக்கு வகை எண் மாறும்.

கெர்ப் எடை என்பது டேங்க் நிறைய எண்ணெயோடு, ஆளும் சரக்கும் இல்லாத வண்டியின் எடை. சில தாள்களில் இதற்குப் பதில் டேர் எடையைக் கொடுத்திருப்பார்கள். அதில் எண்ணெய் 10 லிட்டர்தான் கணக்கு. டேங்க் நிரப்பியதும் ஏறக்குறைய 60 கிலோ கூடும். ஜிவிஎம் என்பது ஆள், சரக்கு, கொக்கியில் கேரவன் அழுத்தும் எடை எல்லாம் சேர்த்து பிக்கப்பின் சக்கரங்கள் தாங்கலாம் என்று அனுமதித்த உச்ச எடை. இதிலிருந்து கெர்ப் எடையைக் கழித்தால் வருவது பேலோட், அதாவது நீங்கள் ஏற்றக்கூடியது. ஜிசிஎம் என்பது பிக்கப்பும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்கு உச்சவரம்பு. நாலாவதுதான் விளம்பரத்தில் வரும் இழுவைத் திறன். ஃபோர்ட் ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றின் ஃபோர் வீல் டிரைவ் வகைகளில் பெரும்பாலும் எல்லாமே 3,500 கிலோ என்றுதான் சொல்லும். எல்லாரிடமும் ஒரே எண் இருந்தால் அதை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆகவே அதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள்.

மூன்றாவது படி: காகிதத்தில் எடை போடுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். பத்து வருட வாகன உரிமைச் சான்றிதழுக்கு மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று காசு கணக்கு பார்ப்பவர்கள் நாம். அதே புத்தியை இங்கே கிலோவில் காட்டினால் போதும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கெர்ப் எடை 2,150, ஜிவிஎம் 3,100, ஜிசிஎம் 6,000 என்று, இரண்டு வரிசை இருக்கையுள்ள ஒரு டபுள் கேப் பிக்கப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேலோட் 950 கிலோ. பெரியவர் இருவர், வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்று 280 கிலோ. புல்பார் 60, கேரவனை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் டோபார் 35, பின்தொட்டி மூடி 70, தொட்டியில் குளிர்பெட்டியும் கருவிகளும் 100. ஆக 545 கிலோ.

இப்போது கேரவன். ஏடிஎம் 2,600 கிலோ. ஆஸ்திரேலியாவில் கேரவனின் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குவதாக வைத்துக் கணக்கிடுவது வழக்கம். டோபாரின் நுனியில் இருக்கும் இரும்பு உருண்டையைத்தான் டோபால் என்கிறார்கள். அதன்மேல் இறங்குவதால் இது டோபால் எடை. இங்கே 260 கிலோ. இதுவும் பிக்கப்பின் பேலோடில்தான் சேரும். 545ம் 260ம் சேர்ந்து 805. 950க்குள் அடங்கிவிட்டது, கையில் 145 கிலோ மிச்சம். பிக்கப்பும் அதன் சரக்கும் 2,695, கேரவன் 2,600, மொத்தம் 5,295. ஜிசிஎம் 6,000க்குள் தாராளம். இந்த ஜோடி ஒத்துப்போகிறது.

அதே வண்டியில் 3,500 கிலோ கேரவனை மாட்டுங்கள். டோபால் எடை 350. பேலோடில் 895 ஆகிவிட்டது. ஆனாலும் 950க்குள்தான். அப்பாடா என்று தோன்றும். ஆனால் 2,695ஐயும் 3,500ஐயும் கூட்டினால் 6,195. ஜிசிஎம்மைவிட 195 கிலோ அதிகம். விளம்பரத்தில் சொன்ன 3,500ஐ இழுக்க வேண்டுமென்றால் குடும்பத்தில் இரண்டு பேர் வீட்டிலேயே இருக்க வேண்டும், கொஞ்சம் சாமானும் கூடவே தங்க வேண்டும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் சேர்த்தும் ஒவ்வொரு வரம்பிலும் 10 சதவீதமாவது மிச்சம் இருக்கும் வண்டியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். காகிதத்தில் மிச்சம் இருந்தது பயணத்தன்று இருப்பதில்லை. கடைசி நேரத்தில் ஒரு சைக்கிள் ஏறும், ஊரிலிருந்து வந்த மாமியார் ஏறுவார். வரம்பைத் தாண்டி ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் இடமுண்டு.

நாலாவது படி: பின் அச்சைத் தனியாகப் பாருங்கள்

மச்சானுக்குப் புரிய வைக்க ரொம்ப நேரம் எடுத்த இடம் இது. பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஏற்றப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். டோபால் பின் அச்சுக்கு நேர்மேலே இல்லை. அதற்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கே அழுத்தினால் பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்து வண்டியின் மூக்கு மேலே தூக்கும். முன்பின் அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் உள்ள பிக்கப்பில் டோபாலில் 300 கிலோ வைத்தால், பின் அச்சில் ஏறுவது 300 இல்லை, ஏறக்குறைய 420. முன் அச்சிலிருந்து 120 கிலோ குறைந்துவிடும். ஸ்டியரிங் திருப்பும் சக்கரங்கள், பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்யும் சக்கரங்கள் அவைதான். முகப்பு விளக்கும் மரக்கிளையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஆகவே ஜிவிஎம்முக்குள் இருந்தும் பின் அச்சின் வரம்பைத் தாண்டிவிட முடியும். பின்தொட்டி நிறைய இழுப்பறையும் கருவியும் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எடையை முன் அச்சுக்குத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் கம்பிக் கொக்கிகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை மாட்டலாமா என்று பிக்கப்பின் கையேடு என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். பின்பக்கம் தொங்குகிறது என்று காற்றுப் பையோ கனமான ஸ்பிரிங்கோ போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் அனுமதித்த எடை ஒரு கிலோகூட உயராது. ஜிவிஎம்மை உயர்த்தும் அங்கீகரித்த மாற்றம் வேறு. அதற்குச் சான்றிதழ் வேண்டும், செலவும் அதிகம்.

ஐந்தாவது படி: எந்த வண்டி?

கேரவனின் ஏடிஎம் 2,000 கிலோவுக்குள் என்றால் சந்தையில் உள்ள எந்த நடுத்தர டீசல் பிக்கப்பும் சரி. சும்மா மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கை வசதியையும் பராமரிப்புச் செலவையும் பார்த்து வாங்குங்கள். டி-மேக்ஸும் ஹைலக்ஸும் சிங்கப்பூர்ச் சாலைகளிலும் ஓடுகின்றன. தெரிந்த குத்தகைக்காரர் யாரிடமாவது கேட்டு, பின்னிருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அங்கே முழங்கால் இடித்தால் திரும்பி வர முடியாது.

2,000 முதல் 2,800 வரை உள்ள கேரவன்தான் குடும்பங்கள் அதிகம் வாங்குவதாக நான் பார்த்தது. இங்கே எஞ்சினின் இழுவிசை முக்கியம். டி-மேக்ஸின் 3 லிட்டர் டீசல் 450 நியூட்டன் மீட்டர் தரும், ஹைலக்ஸின் 2.8 லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் 500, ரேஞ்சரின் 3 லிட்டர் வி6 எஞ்சின் 600. 600 இருந்தால் ஏற்றத்தில் எஞ்சின் அலறாது, அவ்வளவுதான். 450ஐ வைத்துக்கொண்டு நாட்டையே சுற்றி வந்தவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால், எஞ்சினுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு முன் பேலோடைப் பார்ப்பேன். உச்சவிலை வகைகளில் பெரிய சக்கரம், மின்சார மூடி, அலங்காரம் எல்லாம் சேர்ந்து கெர்ப் எடையைக் கூட்டிவிடும். ஜிவிஎம் அதேதான். ஆகவே விலை கூடக்கூட ஏற்றும் திறன் குறைவதும் உண்டு. நடு வகையே போதும்.

3,000ஐத் தாண்டினால் நடுத்தர பிக்கப்பில் மூச்சுத் திணறும். அமெரிக்கப் பெரிய வண்டிகளான ராம் 1500, செவர்லே சில்வராடோ போன்றவற்றை மெல்பர்னில் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றி விற்கிறார்கள். 50 மில்லிமீட்டர் டோபாலோடு 3,500, 70 மில்லிமீட்டர் டோபாலோடு 4,500 கிலோ வரை இழுக்கும் வகைகள் உண்டு. ஆனால் இவற்றிலும் அதே கண்ணி இருக்கிறது. சில வகைகளில் பேலோட் 800 கிலோவுக்குள்தான். 4,500 கிலோ கேரவனின் டோபால் எடை 450 போனால் மீதி 350ல் குடும்பம் உட்கார வேண்டும். வண்டியின் நீளம் ஆறு மீட்டரை நெருங்குகிறது. கடைத்தொகுதிக் கார் நிறுத்துமிடத்தில் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

சார்ஜ் செய்த மின்சாரத்திலும் எண்ணெயிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் பற்றியும் கேட்கிறார்கள். பிஒய்டி ஷார்க் 6 ஆஸ்திரேலியாவில் வந்தபோது அதன் இழுவைத் திறன் 2,500 கிலோ. சிறு கேரவனுக்குப் பொருந்தும். பெரியதற்கு இல்லை.

எண்ணெய்க் கணக்கும் ஒன்று. 80 லிட்டர் டேங்க், கேரவனோடு நூறு கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடிக்கிறது என்றால் ஓடுவது 440 கிலோமீட்டர். பெர்த்திலிருந்து ஆல்பனி ஏறக்குறைய 420. எதிர்க்காற்று அடித்தால் ஊர் வருமுன் டேங்க் காலி. வழியில் நிரப்பாமல் போகாதீர்கள்.

ஆறாவது படி: பிரேக்கும் வயரும்

சட்டமே தெளிவாக இருக்கிறது. கேரவனின் சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோ வரை என்றால் அதற்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. 2,000 வரை ஓர் அச்சிலாவது இரண்டு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். 2,000க்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும், அதோடு கேரவன் கழன்றுவிட்டால் தானே பிடித்து 15 நிமிடமாவது நிற்கும் ஏற்பாடும் வேண்டும். மின்சார பிரேக் உள்ள கேரவனுக்கு அந்த பிரேக்கை இயக்கும் பிரேக் கண்ட்ரோலரை ஓட்டுநர் பக்கத்தில் பொருத்த வேண்டும். அதன் பொத்தான் எட்டும் இடத்தில் இருக்கட்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். நீட்டிக்கொள்ளும் பக்கக் கண்ணாடிகள், கேரவனின் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆண்டர்சன் பிளக் ஆகியவற்றின் விலையையும் பேரத்தில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் தனியாகப் போட்டால் இரட்டிப்புச் செலவு.

ஏழாவது படி: எடைமேடை

கையெழுத்துப் போடுமுன் கேரவனோடு எடை பார்க்க விற்பவர் சம்மதிப்பது அபூர்வம். ஆகவே வாங்கிய முதல் வாரத்திலேயே செய்யுங்கள். பயணத்துக்குப் போவதுபோலவே ஆள், சாமான், தண்ணீர், எண்ணெய் எல்லாம் நிரப்பிக்கொண்டு பொது எடைமேடைக்குப் போங்கள். முதலில் கேரவன் மாட்டியபடியே பிக்கப்பின் முன்சக்கரங்கள் மட்டும், பிறகு பிக்கப் முழுதும், பிறகு இரண்டும் சேர்ந்து. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின் அச்சு. இரண்டாவது ஜிவிஎம்முக்கு, மூன்றாவது ஜிசிஎம்முக்கு. அடுத்து கேரவனைக் கழற்றித் தனியாக நிறுத்தி எடுத்தால் ஏடிஎம்முக்கு. பிக்கப்பைக் கேரவனோடும் கேரவன் இல்லாமலும் எடுத்த எடைகளின் வித்தியாசம்தான் உங்கள் உண்மையான டோபால் எடை. சீட்டுகளை வண்டிப் பெட்டியில் வைத்திருங்கள்.

மச்சான் கூரைக் கூடாரத்தையும் இழுப்பறைகளையும் விற்றான். கேரவன் இருக்கும்போது கூடாரம் எதற்கு என்று இரண்டு வருடம் கழித்துத்தான் அவனுக்குத் தோன்றியது. கிரைண்டர் மட்டும் தப்பித்தது. அது இப்போது கேரவனின் அச்சுக்கு நேர்மேலே, தரையில் கட்டிவைத்தபடி பயணம் செய்கிறது. கனமான சாமான் அங்கேதான் இருக்க வேண்டும். கேரவனின் வால்பக்கம் கனத்தை வைத்தால் டோபால் எடை குறைந்து, வேகத்தில் கேரவன் பாம்புபோல் ஆடத் தொடங்கும்.

எட்டாவது படி: ஓட்டிப் பழகுவது

ஆடத் தொடங்கினால் பிக்கப்பின் பிரேக்கை அமுக்காதீர்கள். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ட்ரோலரின் பொத்தானால் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். கேரவன் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்றது இதற்குத்தான். வடக்கு நோக்கிய நெடுஞ்சாலைகளில் பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும், 53 மீட்டர் நீளமுள்ள ரோட் டிரெயின் லாரிகள் எதிரே வரும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும். யூஎச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அதைத் திறந்து வைத்திருப்பது நல்லது.

இறக்கம் நமக்குப் பழக்கமே இல்லாத விஷயம். நம் ஊரின் உயரமான இடமே புக்கிட் தீமா, 164 மீட்டர். பெர்த்துக்குக் கிழக்கே கிரீன்மவுண்ட் இறக்கத்தில் பிரேக் இழந்த லாரிகளுக்கென்றே சாலையோரம் சரளைப் படுகை வைத்திருக்கிறார்கள். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதியில் குறைப்பது தாமதம்.

பின்னால் எடுப்பதை எங்கள் யார்டில் ஒரு பழைய பிரைம் மூவர் ஓட்டுநர் எனக்கு ஒரே வரியில் சொல்லித்தந்தார்: கையை ஸ்டியரிங்கின் அடியில் வை, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் போதும். பக்கத்தில் மனைவியை உட்கார வைத்துப் பழக வேண்டாம். வாடகைக் கேரவன் எடுத்துப் பழகுவதென்றால், பிக்கப்பை வாடகைக்கு விடும் நிறுவனம் அதில் இழுக்க அனுமதிக்கிறதா என்று ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். பலர் அனுமதிப்பதில்லை.

முதல் பயணத்தில் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, கேரவனின் சக்கர நட்டுகளை முறுக்கிப் பாருங்கள், சங்கிலியையும் வயரையும் தொட்டுப் பாருங்கள், சக்கரத்தின் நடுப்பகுதி கொதிக்கிறதா என்று கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சிங்கப்பூரில் சாங்கியிலிருந்து துவாஸ் வந்துவிட்ட தூரம் அது. பெர்த்தில் இன்னும் ஊருக்குள்ளேதான் இருப்பீர்கள்.